கடல் நடுவே சுவர் எழுப்பிய ஜான் ஸ்மீட்டன்

சுவரை வைத்தே சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் நாட்டிற் சிறுவரும் அறிந்த முதுமொழி. ஆயினும், சித்திரத்தை வியந்து நிற்கும் நாம் அதனைத் தாங்கும் சுவரைப் பற்றி எண்ணுவது அரிது. நாம் உறையும் வீடும், பயிலும் கல்லூரியும், தொழும் ஆலயமும் கல்மேற் கல்லாக அடுக்கிய சுவர்களாலேயே நிலைபெறுகின்றன. வேந்தர் வரலாற்றையும் புலவர் வரலாற்றையும் ஆர்வத்தோடு கற்கும் நாம், ஒரு சுவர் எதனால் நிற்கிறது, எதனால் வீழ்கிறது என்று ஆராய்ந்து கண்ட ஒருவரின் வரலாற்றையும் அறிந்துகொள்ளுதல் தகும். அத்தகையோருள் தலைசிறந்தவர் இங்கிலாந்து நாட்டினராகிய ஜான் ஸ்மீட்டன் என்பார். நிலத்திற் சுவர் எழுப்பியோர் எண்ணிறந்தோர். அலை ஓயாது மோதுவதும், கடல் பெருகுங்கால் பெரும்பாலும் நீரில் மறைவதுமாகிய பாறையின்மேல் கற்கோபுரம் எழுப்பி நிலைநிறுத்தியவர் இவர்.

பிறப்பும் இளமையும்

ஸ்மீட்டன் 1724-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 8-ஆம் நாள், யார்க்ஷயர் நாட்டில், லீட்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள ஆஸ்தார்ப் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தனும் தம் தொழிலையே மேற்கொள்ள வேண்டுமென்பது அவர் விருப்பம். மைந்தனின் உள்ளமோ இளமையிலேயே வேறு திசையிற் சென்றது. பிற சிறுவர் விளையாட்டுப் பொருள்களை நாடுங்கால், இவர் தச்சரும் ஆலை அமைப்போரும் வேலை செய்யும் இடங்களை நாடிச் சென்று, அவர்கள் கைகளையே நோக்கியிருப்பார். ஆறு வயதளவில், தாம் செய்த சிறு காற்றாலை ஒன்றைக் களஞ்சியத்தின் கூரைமுகட்டிற் பொருத்திக்கொண்டிருந்ததைக் கண்டு வீட்டார் நடுங்கினர் என்று ஒரு செய்தி வழங்குகிறது.

லீட்ஸ் நகரப் பள்ளியிற் பயின்றபின், 1742-ஆம் ஆண்டு சட்டம் கற்கும்பொருட்டு அவர் இலண்டனுக்கு அனுப்பப்பெற்றார். தந்தை சொல்லைத் தட்டாது சென்றாராயினும், அங்கு அவர் மனம் நூல்களிற் பொருந்தவில்லை. தம் நிலையை விளக்கித் தந்தையாருக்கு எழுதினார். தந்தையாரும் சினவாது, மைந்தன் தன் விருப்பின்படியே வாழ இசைவளித்தார். அக்காலத்தில் கைத்தொழில் செய்வோர்க்குக் கற்றோர் நடுவே மதிப்புக் குறைவு. நற்குடிப் பிறந்த மைந்தன் சட்டத்தை விடுத்து உளியும் அரமும் ஏந்துவதை ஒப்பிய அத்தந்தையின் பெருந்தன்மையை நாம் போற்றாதிருத்தல் இயலாது.

ஸ்மீட்டன் கணிதக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்று, இலண்டனில் தாமே ஒரு பட்டறை நிறுவினார். மாலுமிகளின் திசைகாட்டியைத் திருத்தியமைப்பது முதலிய ஆராய்ச்சிகளைச் செய்து, அவற்றை இராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்தின்முன் படித்தார். 1753-ஆம் ஆண்டில் அக்கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 29 நிரம்பவில்லை. 1755-ஆம் ஆண்டில் ஹாலந்து முதலிய தாழ்நிலப் பகுதிகளுக்குச் சென்று, கடலைத் தடுத்து நிலம் காக்கும் கரைகளையும், கால்வாய்களையும், துறைமுகங்களையும் நேரிற் கண்டு திரும்பினார். அவ்வாண்டின் இறுதியில் நேர்ந்த ஒரு தீவிபத்தே அவர் வாழ்வின் போக்கை மாற்றியது.

எடிஸ்டோன் பாறை

இங்கிலாந்தின் தென்மேற்கே பிளிமத் என்னும் பெருந்துறைமுகம் உள்ளது. அதற்கு ஏறக்குறைய 14 மைல் தொலைவில், ஆங்கிலக் கால்வாயின் வாயிலில், எடிஸ்டோன் என்னும் பாறைக்கூட்டம் கடலுள் மறைந்து கிடக்கிறது. அட்லாண்டிக் பெருங்கடலின் பேரலைகள் தடையின்றி வந்து அதன்மேல் மோதும். இரவில் வரும் கப்பல்கள் அப்பாறையை அறியாமல் மோதி உடைந்தன, மாலுமிகள் மாண்டனர், அஞ்சி விலகிச் சென்ற கப்பல்களுள் சில எதிர்க்கரையிலுள்ள பிரெஞ்சுப் பாறைகளில் மோதி அழிந்தன. அங்கு ஒரு விளக்கு வேண்டுமென்பதை அறியாதார் இலர். அதனை எவ்வாறு நிறுத்துவது என்பதே வினா.

முதலில் முயன்றவர் ஹென்றி வின்ஸ்டான்லி என்பவர். தம் கப்பல்கள் இரண்டு அப்பாறையில் மோதி அழிந்தமையால் உந்தப்பெற்று, 1696-ஆம் ஆண்டு வேலை தொடங்கி, 1698-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் விளக்கேற்றினார். அடுத்த ஆண்டில் அதனைப் பெரிதாக்கினார். பல கோணங்களும், மாடங்களும், அழகுவேலைகளும் நிறைந்த அக்கோபுரத்தைக் கண்டோர் அதன் உறுதியைப் பற்றி ஐயுற்றனர். அவரோ, இதுகாறும் அடித்த புயல்களுள் மிகக் கொடியது அடிக்கும்போது தாம் அதனுள் இருத்தல் வேண்டுமென விரும்பினார் என்பர். 1703-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் இரவு இங்கிலாந்து அதுவரை கண்டிராத பெரும்புயல் அடித்தது. அன்று வின்ஸ்டான்லி கோபுரத்துள் இருந்தார். மறுநாட் காலையில் பாறைமேல் கோபுரமும் இல்லை, அவரும் இல்லை.

இரண்டாமவர் ஜான் ரட்யர்ட் என்னும் பட்டு வணிகர். இவர் அழகு வேலைகளை நீக்கி, வழவழப்பான கூம்புபோன்ற வடிவில், மரத்தாற் கோபுரம் அமைத்து, பாரத்திற்காக உள்ளே கல்லடுக்கு வைத்தார். 1709-ஆம் ஆண்டில் முடிந்த இக்கோபுரம் 46 ஆண்டுகள் கடலை எதிர்த்து நின்றது. கடல் வெல்லாத அதனை நெருப்பு வென்றது. 1755-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் இரவு விளக்கறையில் தீப்பற்றியது. ஹென்றி ஹால் என்னும் காவலர், 94 வயது முதியவர், வாளியில் நீர் மொண்டு மேல்நோக்கி வீசி வீசித் தீயோடு போராடினார். கூரையின் ஈயம் உருகி அவர்மேற் கொட்டியது. காவலர்கள் படகினால் மீட்கப்பட்டனர். உருகிய ஈயம் தம் தொண்டையினுள் இறங்கிற்று என்று அம்முதியவர் கூறியதை எவரும் நம்பவில்லை. பன்னிரண்டு நாள் கழித்து அவர் இறந்தபின், மருத்துவர் அவர் வயிற்றினின்று ஏழு அவுன்சுக்கு மேற்பட்ட ஈயக்கட்டி ஒன்றை எடுத்தார்.

கல்லா, மரமா?

விளக்கத்தின் குத்தகை உரிமையாளருள் முதல்வராகிய ராபர்ட் வெஸ்டன், அதனை மீண்டும் கட்டத் தக்கவரைக் காட்டியருளுமாறு இராயல் சொசைட்டியின் தலைவர் மாக்கில்ஸ்பீல்டு பிரபுவை வேண்டினார். பிரபு காட்டியது ஸ்மீட்டனையே. அப்போது ஸ்மீட்டனுக்கு வயது 31. அதுவரை ஒரு கலங்கரை விளக்கமும் கட்டியவரல்லர். பெயர்பெற்ற கட்டடக்கலைஞரை விடுத்துக் கருவி செய்யும் இளைஞரிடம் இப்பெரும்பணி ஒப்புவிக்கப்பட்டதன் காரணம், அவர் எதனையும் சோதித்தறிந்தன்றி ஏற்கமாட்டார் என்று அறிஞர்கள் அறிந்திருந்தமையேயாம்.

மரக்கோபுரம் 46 ஆண்டு நின்றமையால், மரமே ஏற்றது, அலைக்கு வளைந்து கொடுக்கும், கல் வளையாது உடையும் என்று பலர் கருதினர். ஸ்மீட்டன் இதற்கு உடன்படவில்லை. வளைந்து கொடுப்பதனாலன்றி, அசையாப் பாரத்தாலேயே கோபுரம் நிற்றல் வேண்டும். கடல் அதற்கு இடங்கொடுக்குமேயன்றி அது கடலுக்கு இடங்கொடுத்தல் ஆகாது என்பது அவர் துணிவு. ஆகவே முழுவதும் கல்லால் கட்டத் தீர்மானித்தார். வடிவத்திற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆசிரியர் ஓக்கு மரம். அம்மரத்தின் அடி வேரருகே அகன்று, மேலே செல்லச் செல்ல வளைந்து குறுகும். பெருங்காற்றில் கிளைகள் முறியினும் அடிமரம் சாய்தல் அரிது. அவ்வாறே அடியில் 26 அடி குறுக்களவும், உச்சியில் 17 அடி குறுக்களவும் உடையதாக, வளைந்தெழும் கோபுரத்தை வகுத்தார். இதனால் பாரத்தின் பெரும்பகுதி கீழே தங்கும். அலை மோதும் இடம் மிகத் திண்ணியதாகும்.

கல்லோடு கல் பிணைந்த வகை

செங்கற் சுவர் கட்டும் கொத்தர், ஒரு வரிசையின் மூட்டுக்கு நேர்மேலே அடுத்த வரிசையின் மூட்டு வாராதபடி கல்லை விலக்கி வைப்பதை நாம் கண்டிருக்கிறோம். மூட்டுகள் நேர்நேராக அமையுமாயின் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளக்கும். விலகி அமையுமாயின் ஒவ்வொரு கல்லும் தன் கீழுள்ள இரண்டு கற்களை அழுத்திப் பிணைக்கும். மேலுள்ள பாரமும் பரந்து இறங்கும். நிலத்திற் கட்டும் சுவருக்குப் பெரும்பாலும் இதுவே போதும். ஏனெனில் அங்குக் கல்லைக் கீழ்நோக்கி அழுத்தும் பாரமே பெரிது. கடலிலோ அலை பக்கவாட்டில் மோதும். மோதிய நீர் சிறு பிளவு கிடைப்பினும் அதனுட் புகுந்து கல்லை அசைக்கும், மேல்நோக்கியும் தூக்கும். ஆகவே, சாந்தையும் பாரத்தையும் மட்டும் நம்பாமல், கல் கல்லையே பற்றி நிற்கும் வழியை ஸ்மீட்டன் தேடினார்.

இலண்டன் நடைபாதைகளின் ஓரக்கற்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்ததை அவர் கண்டிருந்தார். தச்சரும் பெட்டியின் மூலைகளை அவ்வகையாகவே பூட்டுவர். ஒரு கல்லின் பக்கத்தை நுனி அகன்ற வால்போலச் செதுக்கி, அதனை ஏற்கும் கல்லில் வாய் குறுகி உள்ளே அகன்ற குழி வெட்டினால், ஒன்றை மேலே தூக்கியன்றி வெளியே இழுத்தல் இயலாது. மேலேயோ அடுத்த வரிசையின் பாரம் அழுத்திக்கொண்டிருக்கும். இவ்வாறு ஒவ்வொரு வரிசையிலும் நடுக்கல்லைச் சுற்றிப் பிற கற்கள் பூட்டப்பெற்று, வரிசை முழுவதும் ஒரே கல்போலாயிற்று. ஒரு வரிசை மற்றொன்றின்மேல் வழுக்காதபடி, இரண்டிலும் பாதி பாதியாகப் பதியும் சலவைக்கல் முளைகளை இட்டார். சாந்து இறுகும்வரை அலை கல்லை அசைக்காதபடி ஓக்கு மர ஆணிகளும் ஆப்புகளும் அடித்து இறுக்கினார். பாறையும் சரிவாக இருந்தமையால் அதனைப் படிப்படியாக வெட்டி, அதன் உடலிலும் அவ்வகைக் குழிகளைக் குடைந்து, கீழ்வரிசைக் கற்களைப் பாறையோடே பூட்டினார். ஆறாம் வரிசையோடு சரிவு நிரம்பி, ஏழாம் வரிசை முதல் முழுவட்டமாக எழுந்தது.

அலை மோதும் புறப்பகுதிக்குக் கார்ன்வால் நாட்டுக் கருங்கல்லும், உட்பகுதிக்கு எளிதிற் செதுக்கத்தக்க போர்ட்லண்டுக் கல்லும் எடுத்தார். பிளிமத்தை அடுத்த மில்பே என்னுமிடத்தில் பணிக்களம் அமைத்து, ஒவ்வொரு வரிசையையும் அங்கேயே மேடைமேல் அடுக்கிப் பொருத்திப் பார்த்து, அடையாளமிட்டுப் பிரித்து, பின்னரே கப்பலேற்றினார். கடலின் நடுவே கல்லைத் திருத்திக்கொண்டிருக்க நேரம் ஏது? மாதிரி உருவங்களையும் பிறரிடம் விடாமல் தம் கையாலேயே செய்தார். சட்டநூலை விடுத்து அவர் கற்ற கைத்தொழில் அங்குப் பயன்பட்டது.

சுண்ணாம்பு ஆராய்ச்சி

கல் எத்துணை வலியதாயினும், இடையே நிற்கும் சாந்து கரையுமாயின் சுவருக்கு நிலைபேறில்லை. வழக்கமான சுண்ணாம்புச் சாந்து காற்றுப் பட்டே மெல்ல மெல்ல இறுகும். இறுகுமுன் நீரிலிட்டால் கரைந்துபோகும். நீருக்குள்ளேயே இறுகும் சாந்து வேண்டுமே என்பது ஸ்மீட்டனின் கவலை. கடினமான கல்லைச் சுட்ட சுண்ணாம்பு வலியது, மென்மையான கல்லைச் சுட்டது மெலியது என்பது பண்டுதொட்டு வழங்கிய கொள்கை. அக்கொள்கையை அவர் கேட்டபடியே ஏற்காமல், பல இடங்களிலிருந்து சுண்ணாம்புக்கற்களை வருவித்துச் சுட்டு நீற்றி, சாந்தாக்கி, இரண்டு அங்குல உருண்டைகளாகப் பிடித்து நீரிலிட்டு வைத்தார். சில கரைந்தன, சில மென்மையாகவே இருந்தன, வேல்ஸ் நாட்டின் அபெர்தா என்னும் கடற்கரைக் கல்லாற் செய்தவை நன்கு இறுகின. கடினத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது புலனாயிற்று. எனில், காரணம் யாது?

அவருக்குத் துணை செய்தவர் பிளிமத் நகர மருந்து வணிகரும் வேதிநூல் வல்லவருமாகிய வில்லியம் குக்வொர்தி. அவர் காட்டிய முறைப்படி சுண்ணாம்புக்கல்லை நைட்ரிக் அமிலத்திற் கரைத்துப் பார்த்தார். வெண்மையும் தூய்மையும் உடைய கல் முழுதும் கரைந்தது. அபெர்தாக் கல்லோ கரையாத மண்டி ஒன்றை அடியில் விட்டது. அம்மண்டியைத் திரட்டி உலர்த்திச் சுட்டபோது அது செங்கல்லாயிற்று. எனவே அது களிமண் என்று தெளிந்தார். களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லே நீரில் இறுகும் சுண்ணாம்பைத் தரும் என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. தூய்மையே மேன்மை என்று எண்ணியிருந்தோர்க்கு, அழுக்கென்று ஒதுக்கியதே வலிமைக்கு வேர் என்பது வியப்பளித்தது. சூளையின் வெம்மையில் சுண்ணாம்பும் களிமண்ணும் கூடிப் புதுப்பொருளாகின்றன என்றும், அது நீரோடு சேர்ந்து இறுகுகின்றது என்றும் இக்காலத்தார் விளக்குவர்.

அச்சுண்ணாம்போடு உரோமர் பண்டைக்காலத்திலே கையாண்ட பொசலானா என்னும் எரிமலைச் சாம்பல்மண்ணைச் சம அளவு சேர்த்துச் சாந்து அரைப்பித்தார். கடலருகே மூட்டுகளை உடனே காக்கவேண்டிய இடங்களில், விரைவில் இறுகும் ஜிப்சக்காரையை மேலே பூசுவித்தார். இவ்வாராய்ச்சியின் வழியே பின்வந்தோர் பலர் முயன்றனர். 1824-ஆம் ஆண்டில் ஜோசப் அஸ்ப்டின் என்பார் சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சேர்த்துச் சுட்டுப் போர்ட்லண்டு சிமெண்டு என்னும் பெயரால் உரிமைப்பட்டயம் பெற்றார். அவர் லீட்ஸ் நகரத்துக் கொத்தர் என்பதும், ஸ்மீட்டன் பிறந்ததும் அந்நகரின் அருகே என்பதும் நோக்கத்தக்கன.

பாறைமேற் பணி

1756-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாறையை வெட்டும் வேலை தொடங்கிற்று. கடல் அமைதியுற்றிருக்கும் கோடைக்காலத்திலும், அலை வற்றிய சில மணி நேரமே பாறைமேல் நிற்றல் கூடும். வேலையாட்களை இரு குழுவினராக்கி, ஒரு குழுவினர் கடலில் இருக்க மற்றவர் கரையில் உழைக்குமாறு முறை வகுத்தார். அக்காலத்தில் கடற்படையினர் கண்டவரைப் பிடித்துச் சென்று கப்பலில் வேலை வாங்குவது வழக்கம். தம் ஆட்கள் அவ்வாறு பிடிபடாவண்ணம் ஒவ்வொருவருக்கும் அடையாளப் பதக்கம் அளிக்க ஏற்பாடு செய்வித்தார். தம்மிடம் உழைப்போர் அச்சமின்றி உழைத்தாலன்றி வேலை திருந்தாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

1757-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் முதற்கல் பாறையிற் பதிக்கப்பட்டது. அதன் எடை ஏறக்குறைய இரண்டேகால் டன். ஸ்மீட்டன் ஏவல் செய்து விலகி நின்றவரல்லர். இடர் மிக்க இடத்தில் முதலில் நிற்பவர் அவரே. ஒரு மாலை இருளிற் பாறைமேல் வழுக்கி வீழ்ந்து அவர் கைக்கட்டைவிரல் பிசகிற்று. மருத்துவர் அருகிலிலர், கரை தொலைவிலுள்ளது. மற்றொரு கையால் விரலைப் பற்றி வெடுக்கென இழுத்துப் பொருத்திவிட்டுத் தம் வேலையைத் தொடர்ந்தார்.

குளிர்காலம் வரும், வேலை நிற்கும், கட்டியவை அலைகளிடம் விடப்படும். புயல் அடித்த மறுநாட் காலையில் ஸ்மீட்டன் பிளிமத் நகரின் மேட்டிலேறித் தொலைநோக்கியால் பாறையை உற்றுநோக்குவார். பாறைமேல் அலை வெண்மையாய் எழும். அது தணிந்தபின் தம் வேலை அங்கேயே நிற்கக் கண்டு மனம் தேறி, பணிக்களத்துக்குத் திரும்புவார். அவ்வேளைகளில் அவர் உள்ளம் பட்ட பாட்டை நாம் ஒருவாறு உய்த்துணரலாம். 1758-ஆம் ஆண்டு வேனிலில் மீண்டபோது, முன்னாண்டுக் கற்கள் அசையாமலும், சாந்து கல்போல் இறுகியும் இருக்கக் கண்டனர்.

திண்ணிய அடிப்பகுதியின்மேல் நான்கு அறைகள் எழுந்தன. அறைகளின் வளைந்த கல்தளங்கள் சுவரைப் புறத்தே தள்ளுமாதலின், சுவரைச் சுற்றிக் காடி வெட்டி, இரும்புச் சங்கிலி பதித்து, உருக்கிய ஈயம் வார்த்து இறுக்கினார். மேலறை ஒன்றின் சுவரைச் சுற்றி 127-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைப் பொறிப்பித்தார். வீடு கட்டுவோரைப் பற்றிய அவ்வசனம் நம் வாசகர் பலர் அறிந்ததே. 1759-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் வைத்த இறுதிக்கல்லில் கடவுளுக்குத் துதி என்னும் பொருளுடைய இலத்தீன் சொற்கள் இரண்டைச் செதுக்குவித்தார். அறிவால் ஆவன அனைத்தையும் செய்து முடித்தபின், தம் பெயரை எழுதாது விட்ட அவரது அடக்கம் நம் நெஞ்சைத் தொடுகின்றது.

அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் இரவு 24 மெழுகுவர்த்திகளோடு விளக்கு எரியத் தொடங்கிற்று. 1,493 கற்கள் அடங்கிய அக்கோபுரம் விளக்கறையோடு 72 அடி உயரம் உடையது. ஆண்டுகள் மூன்றுக்குமேற் சென்றனவாயினும், பாறைமேல் உழைக்கக் கிடைத்த நேரம் 2,674 மணியே. முழு நாட்களாகக் கணக்கிட்டால் 112 நாட்களுக்கும் குறைவு. ஓர் உயிரும் இழக்கப்படாமல் வேலை முடிந்தது.

புயலின் சோதனை

கற்கோபுரம் நிலையாது என்று கூறியோர் அது முடிந்தபின்னும் தம் ஐயத்தை விட்டாரல்லர். 1762-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மிகக் கொடிய புயல் ஒன்று வீசிற்று. பிளிமத் துறையிலேயே பெருஞ்சேதம் விளைந்தது. இனிக் கோபுரம் இராதென்று எண்ணிப் பலரும் கடலை நோக்கினர். அது முன்போலவே நின்றது. விளக்கறைக்கு நேர்ந்த சேதம் சிறு கிண்ணம் மக்கினாற் சீர்செய்யத்தக்க அளவினதே என்பர். அதன்பின் ஐயுற்றோர் வாய் அடங்கிற்று. ஸ்காத்லாந்தில் பெல் பாறைமேல் 1811-ஆம் ஆண்டில் ஒளிவிடத் தொடங்கிய விளக்கம் முதலாகப் பின் எழுந்த கடற்கோபுரங்கள் பல இதனையே வழிகாட்டியாகக் கொண்டன.

பிற்கால வாழ்வு

அந்த 1759-ஆம் ஆண்டிலேயே, நீர்ச்சக்கரங்களையும் காற்றாலைகளையும் பற்றிய ஆராய்ச்சிக்காக இராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. பின்னர் அவர் பாலங்கள், துறைமுகங்கள், கால்வாய்கள், ஆலைகள் எனப் பலவற்றை அமைத்தார். கோல்ட்ஸ்ட்ரீம், பெர்த் ஆகிய ஊர்ப் பாலங்களும், போர்த்-கிளைடு கால்வாயும் அவற்றுட் சில. படைத்தொழில் சார்ந்த பொறியாளரே அந்நாளில் மிகுதி. மக்கள் வாழ்வுக்குரிய பணிகளைச் செய்வோர் என்னும் பொருளில் தம்மைச் சிவில் எஞ்சினீயர் என வழங்கிக்கொண்டவருள் இவர் முன்னோடி. 1771-ஆம் ஆண்டில் அத்தொழிலோர் கூடும் சங்கம் ஒன்றும் தோற்றுவிக்கப்பட்டது. இவர் அதன் தூண்போல் விளங்கினார்.

அவர் வாழ்வில் தோல்வியே இல்லை என்று எழுதுவோமாயின் அது உண்மைக்கு மாறாகும். டைன் ஆற்றின்மேல் ஹெக்சாம் என்னுமிடத்தில் அவர் வகுத்த பாலம் 1780-ஆம் ஆண்டில் முடிந்தது. 1782-ஆம் ஆண்டு வெள்ளத்தில் வீழ்ந்தது. கல்லில் குறையில்லை, சாந்திலும் குறையில்லை. அடியிலிருந்த பரற்கல் மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றது. கடற்பாறையில் வென்றவர் ஆற்றுப்படுகையில் தோற்றார். அவர் அத்துயரை மறைத்தாரல்லர். சுவரின் வலிமை சுவரில் மட்டுமில்லை, அது நிற்கும் நிலத்திலும் உள்ளது என்பதை இந்நிகழ்ச்சி நமக்கும் காட்டுகின்றது.

1784-ஆம் ஆண்டில் மனைவியாரை இழந்த அவர், முதுமையில் தாம் பிறந்த ஆஸ்தார்ப்பிலேயே தங்கி, பணிகளைக் குறைத்துக்கொண்டு, எடிஸ்டோன் வரலாற்றைப் பெருநூலாக எழுதி 1791-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கட்டடம் கட்டுவதினும் நூல் எழுதுவது தமக்குக் கடினமாயிருந்தது என்று அவர் கருதினார். தாம் பெற்ற அறிவைத் தம்மோடு கொண்டுசெல்லாது, எந்தச் சோதனையை எவ்வாறு செய்தார் என்பது வரை பின்வருவோர்க்கு விட்டுச் சென்றார். 1792-ஆம் ஆண்டு செப்டம்பரில் தம் தோட்டத்தில் உலாவுகையில் வாதநோயால் தாக்குண்டு, அக்டோபர் 28-ஆம் நாள் உயிர் நீத்தார். அண்மையிலுள்ள விட்கர்க் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார். அவர் நினைவுக்கல்லின் உச்சியில் எடிஸ்டோன் கோபுரத்தின் உருவம் அமைந்துள்ளது.

பாறை தளர்ந்தது, சுவர் தளரவில்லை

ஸ்மீட்டன் மறைந்தபின்னும் அவர் கோபுரம் கடலோடு போராடிக்கொண்டிருந்தது. 1877-ஆம் ஆண்டளவில், பேரலை மோதுங்கால் கோபுரம் அதிர்வதாக அறிந்து ஆராய்ந்தனர். கல் பெயரவில்லை, மூட்டு விலகவில்லை. நூற்றாண்டுக்கு மேலாக அலை அரித்தமையால் அடியிலுள்ள பாறையே தளர்ந்துபோயிற்று. ஆகவே ஜேம்ஸ் டக்ளஸ் என்பார் அருகிலுள்ள வேறொரு பாறைமேல் புதிய விளக்கம் கட்டி 1882-ஆம் ஆண்டில் ஒளியேற்றினார்.

பழைய கோபுரத்தை அழித்துவிடப் பிளிமத் நகரத்தார்க்கு மனம் வரவில்லை. மேற்பகுதியைக் கல் கல்லாகப் பிரித்துக் கரைக்குக் கொண்டுவந்து, ஸ்மீட்டன் தொலைநோக்கியோடு நின்ற அந்நகர மேட்டிலேயே மீண்டும் எழுப்பினர். 1884-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அது இன்றும் அங்கு நிற்கின்றது. திண்ணிய அடிப்பகுதியோ கடலிலேயே விடப்பட்டது. புதிய விளக்கத்தின் பக்கத்தே, பாறையோடு பூட்டிய அக்கற்கள் இன்றும் அலைகளை ஏற்று நிற்கின்றன.

இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கன பல. வின்ஸ்டான்லியின் துணிவு குறைந்ததன்று. ஆயினும் துணிவு மட்டும் சுவரைத் தாங்கவில்லை. ஸ்மீட்டனுக்குத் துணிவோடு பொறுமையும் இருந்தது. முன்னோர் கூறியதை இகழாமலும், கூறியதனாலேயே ஏற்காமலும், ஒரு பிடி சாந்தை உருண்டையாக்கி நீரிலிட்டுப் பார்த்தார். அச்சிறு உருண்டையின் உறுதியை நம்பியே இரவில் எண்ணற்ற மாலுமிகள் கப்பல் செலுத்தினர். அவர் பெயர் அவருட் பலர்க்குத் தெரியாது. விளக்கு எரிந்தது என்பது மட்டும் தெரியும்.

நாம் நூல்களோடு வாழும் மாணவர். கல் அடுக்கும் கொத்தரைக் காணுங்கால், அவர் தொழிலைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றும் ஒழியவில்லை. ஒரு கல்லை மட்டம் பார்த்து, நூல் பிடித்து, மூட்டு விலக்கி, சாந்து நிரப்பி வைக்கும் அக்கையின் செயலில் பல தலைமுறைகளின் அறிவு அடங்கியுள்ளது. நம் கல்லூரியின் சுவர்களையும் அத்தகைய கைகளே எழுப்பின. அச்சுவர்களுள் அமர்ந்து பயிலும் நாம், எத்தொழிலை மேற்கொள்ளினும், காண்போர் கண்ணுக்குப் படாத அடிவரிசையையும் மேல்வரிசையைப் போலவே செம்மையாக வைப்போமாக.